டாக்டர் பிளேடு மாட்டுவது எப்படி? கிரேவியூர் மெஷினுக்குப் புதியவர்களுக்கு

மலேசியாவில் சுங்கைப்பட்டாணி பக்கம் கித்தா (ரப்பர்) மரம் நின்ற இடங்களில் இப்போது எத்தனையோ தொழிற்சாலைகள். தோட்டத்திலிருந்து நேராக பிரிண்டிங் லைனுக்கு வேலைக்கு வரும் தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். முறுக்கு பாக்கெட், கச்சான் பாக்கெட் போன்ற பிளாஸ்டிக் உறைகள் அடிக்கும் கிரேவியூர் மெஷினைப் பற்றியது இது.

சிலிண்டரில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய குழிகள் இருக்கும். மை அந்தக் குழிகளில் மட்டும் தங்கவேண்டும். மேலே ஒட்டியிருப்பதை வழித்தெடுப்பதுதான் டாக்டர் பிளேடின் வேலை. ஸ்டீல் பிளேடு பெரும்பாலும் 0.15 அல்லது 0.2 மில்லிமீட்டர் தடிமன்தான். விளிம்பு அதைவிட மெல்லியது. கத்தி என்றே நினைத்துக்கொள்ளுங்கள், வெட்டுப்படாத கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

1. ஹோல்டரைச் சுத்தம் செய்யுங்கள்

மெஷினை நிறுத்தி, மின்சாரத்தைப் பூட்டிவிட்டு ஆரம்பியுங்கள். ஹோல்டரில் காய்ந்த மை ஒரு பொட்டு இருந்தாலும் அந்த இடத்தில் பிளேடு மேடாகிவிடும். "பிளேடு சரியில்லை, மாற்று" என்று சொல்லப்படுவதில் பாதி, ஹோல்டரில் இருக்கும் அழுக்குதான்.

2. மாட்டுங்கள்

பிளேடுக்குப் பின்னால் தடித்த தாங்கு பிளேடு ஒன்று வரும். அதைத் தாண்டி மெல்லிய பிளேடு சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்; அளவு மெஷின் புத்தகத்தில் இருக்கும். அதற்கு மேல் நீட்டினால் வளையும். ஸ்குரூக்களை நடுவிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் மாறி மாறி முடுக்குங்கள். ஒரு ஓரத்தில் தொடங்கினால் பிளேடு அலை அலையாக நிற்கும். முடித்ததும் வெளிச்சத்தில் விளிம்பை நீளவாட்டில் பாருங்கள், அலை இருந்தால் தெரிந்துவிடும்.

3. கோணம், அழுத்தம்

பிளேடு சிலிண்டரைத் தொடும் புள்ளியில் ஒரு தொடுகோடு வரைந்தால், அதற்கும் பிளேடுக்கும் இடையில் வழக்கமாக 55 முதல் 65 டிகிரி இருக்கவேண்டும்.

அப்புறம் அழுத்தம். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பாக்கெட்டில் லேசாக மை படர்ந்தால் கை உடனே அழுத்தத்தைக் கூட்டப் போகும். கூட்டினால் பிளேடு வளையும், கோணம் படுத்துவிடும், விளிம்புக்குப் பதில் தட்டையான பக்கம் சிலிண்டரில் உட்காரும். வழிப்பதற்குப் பதில் மையைத் தடவிவிடும். அதோடு சிலிண்டரின் குரோம் பூச்சு தேயும், அது சில மைக்ரான்தான். பால்மரம் வெட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: கத்தியை ஆழமாக இறக்கினால் பால் அதிகம் வராது, மரம்தான் காயப்படும். துடைக்கத் தேவையான குறைந்தபட்ச அழுத்தம் போதும். "ஜாங்கான் தெக்கான் கூவாட்" (பலமாக அழுத்தாதே) என்று சூப்பர்வைசர் மலாயில் கத்துவது சும்மா இல்லை.

4. மை

அழுத்தத்தைத் தொடுவதற்கு முன் மையைப் பாருங்கள். மதிய வெயிலில் ஷெட்டு சூடேறினால் சால்வென்ட் ஆவியாகி மை கெட்டியாகும். ஜான் கப்பில் (அடியில் துளையுள்ள சிறு கிண்ணம்) மை வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்து, உங்கள் வேலைச் சீட்டில் போட்டிருக்கும் விநாடிக்குக் கொண்டுவாருங்கள். ஃபில்டரையும் கழுவுங்கள். மை ஓடாத சிலிண்டர்மேல் பிளேடை இறக்கி ஓட்டவே கூடாது.

5. கோடு விழுந்தால்

அடித்த பிலிமைக் கொஞ்சம் நீளமாக விரித்துப் பாருங்கள். பிளேடு ஓடும்போது இடம் வலம் மெதுவாக அசையும். அது தேய்மானம் ஓரிடத்திலேயே விழாமலிருக்க. கோடும் அதே போல் அசைந்து அசைந்து போனால் பிளேடில் துகள் சிக்கியிருக்கிறது, அல்லது விளிம்பில் பல் விழுந்திருக்கிறது. கோடு நூல் பிடித்த மாதிரி ஒரே இடத்தில் நேராக வந்தால் சிலிண்டரில் கீறல் என்று சந்தேகப்படுங்கள். பிளேடு மாற்றி அது போகாது. துகள் என்றால் மெஷினை நிறுத்தி, பிளேடைத் தூக்கித் துடையுங்கள். ஓடும்போது குச்சி விடும் அண்ணன்மார் இருக்கிறார்கள், நீங்கள் அவர்களைப் பார்த்துப் பழகவேண்டாம்.

6. கழற்றியபின்

லூப் (சிறிய பூதக்கண்ணாடி) வைத்து விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் ஹோல்டர் சாய்வாக நிற்கிறது, புது பிளேடு போடுமுன் அதைச் சரிசெய்யுங்கள். பழைய பிளேடு நேராக இரும்புப் பெட்டிக்குப் போகவேண்டும். சாதாரணக் குப்பைப் பையில் போட்டால் அதைத் தூக்கும் அக்காவின் கைதான் கிழியும்.