சித்தி வந்த வீட்டைக் கதையாக எழுதும்போது

மறுமணம் நடந்த வீட்டைப் பற்றிக் கதையோ குறும்படமோ எழுத உட்காருகிறீர்கள் என்றால், முதலில் ஒரு தாளை எடுத்து வயதுக் கணக்குப் போடுங்கள். அம்மா இறந்தபோது பையனுக்கு என்ன வயது, அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொண்டபோது என்ன வயது, தம்பி பிறந்தபோது என்ன வயது. 3 வயதில் அம்மாவை இழந்த பிள்ளைக்குச் சித்திதான் அம்மா. 13 வயதில் இழந்தவனுக்கு அம்மா வைத்த ரசத்தின் ருசிகூட நினைவிருக்கும். சித்தி வைக்கிற ரசம் நன்றாக இருந்தாலே அவனுக்கு உறுத்தும். பிள்ளை சித்தியை வெறுக்கிறான் என்று எழுதிவிடுவது சுலபம். எனக்குத் தெரிந்த வீடுகளில், அவளைப் பிடிக்க ஆரம்பித்ததுதான் பிள்ளைகளைப் பயமுறுத்தியது, செத்துப்போன அம்மாவுக்குத் துரோகம் செய்கிறோமோ என்று.

அடுத்து, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். அம்மாவின் தங்கை, சித்தப்பாவின் மனைவி, அப்பாவின் இரண்டாம் மனைவி, மூவருமே நமக்குச் சித்திதான். இறந்தவளின் தங்கையையே இரண்டாம் தாரமாகக் கட்டிவைத்த வீட்டில் கூப்பிடும் சொல் அப்படியே இருக்கும், உறவு மட்டும் மாறிவிடும். அம்மாவின் இரண்டாம் கணவருக்கோ வீட்டுப் பேச்சில் சொல்லே கிடையாது. மாற்றாந்தந்தை என்று யார் கூப்பிடுகிறார்கள்? அங்கிள் என்பார்கள், அல்லது எதிரே போய் நின்று "அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க" என்று மொட்டையாகச் சொல்வார்கள். படம் முழுக்க அவரை எதுவுமே கூப்பிடாத ஒரு பெண்ணை வையுங்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது "நீங்க பேஷண்ட்டுக்கு என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்கட்டும்.

இனிஷியலை மறக்காதீர்கள். ஒரே வீட்டில் வளரும் அக்காவுக்கும் தம்பிக்கும் அப்பா வேறு என்றால் முதல் எழுத்தும் வேறு. டீச்சர் வருகைப்பதிவு வாசித்தாலே பின்கதை தெரிந்துவிடும், தனியாக வசனம் வேண்டாம்.

விசேஷங்களில்தான் இந்த வீடுகள் தடுமாறும். மூத்த தாரத்துப் பெண்ணுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும். அவர் சீர்த் தட்டோடு தன் அக்கா வாழ்ந்த வீட்டுக்குள் வருகிறார். "வாங்கண்ணா" என்று வாசலில் கூப்பிடுகிறவள் வேறொருத்தி. அந்த ஒரு சொல்லால் அவருக்குத் தங்கையாகிவிட்டாள், அதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்பது அவளுக்கே தெரியாது. சுவரில் மாலை போட்ட போட்டோ. பந்தியில் அவர் இலைக்கு அவள்தான் பரிமாறுகிறாள். அவசரப்பட்டு வெட்டாமல் இந்தச் சாப்பாட்டை முழுசாக எழுதுங்கள். யாரும் யாரையும் திட்ட வேண்டியதே இருக்காது. அப்புறம் திதி நாள். மூத்தவளுக்கு என்ன பலகாரம் பிடிக்கும் என்று அவள் பிள்ளைகளிடமே கேட்டு, படையலுக்குச் செய்து வைக்கிற இரண்டாம் மனைவியை நான் பார்த்திருக்கிறேன்.

கொடுமைக்காரச் சித்தி வேண்டுமென்றால் சரி, வையுங்கள். அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஆனால் அன்பை முதலில் காட்டுங்கள். கம்பனின் கைகேயி, கூனி வந்து மூட்டிவிடும்போது, இராமனைப் பெற்ற எனக்கு என்ன துன்பம் என்றுதான் கேட்கிறாள். பெற்ற என்கிறாள்! பின்னால் அவள் மாறும்போது நமக்கு அவ்வளவு வலிப்பது இதனால்தான்.

சொத்துச் சண்டை வைத்தால் சட்டத்தையும் பாருங்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா சுயமாகச் சம்பாதித்ததை உயில் எழுதாமல் இறந்துபோனால், முதல் மனைவி இறந்தபின் கட்டிய இரண்டாம் மனைவிக்கும் இரு தாரத்துப் பிள்ளைகளுக்கும் சம பங்கு. அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. ஆனால் சித்தி தன் பெயரில் வாங்கிய வீட்டை அப்படியே விட்டுப் போனால், அவள் பெற்ற பிள்ளைகள் இருக்கும்போது, அவள் கையால் 20 வருஷம் சாப்பிட்ட மூத்த தாரத்துப் பையனுக்கு அதில் பங்கில்லை. இதில் வில்லனே தேவைப்படாது.

கடைசியில் பையன் "அம்மா" என்று கதறி அவள் காலில் விழுகிற காட்சி மட்டும் வேண்டாமே. நண்பனிடம் போனில் பேசும்போது, "இரு, அம்மா கூப்பிடுறாங்க, அப்புறம் பேசறேன்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு எழுந்து போகட்டும். அடுப்படியில் நின்ற அவள் காதில் அது விழுந்ததா என்பதைக்கூடக் காட்ட வேண்டாம்.