ஏதென்ஸில் வீடு பிடிக்குமுன்: ஜார்ஜியாவின் கல்லூரி ஊரில் நல்லதும் கெட்டதும்

அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர்கள் ஏதென்ஸைப் பற்றி முதலில் விசாரிப்பது வாடகையை. விசாரிக்க வேண்டியது பஸ்ஸை. ஊரைச் சுற்றி லூப் 10 என்ற வட்டச்சாலை ஓடுகிறது. அதைத் தாண்டினால் வாடகை குறையலாம், ஆனால் கார் இல்லாமல் பால்கூட வாங்க முடியாது. உள்ளே மில்லெட்ஜ், பாக்ஸ்டர் சாலைகளை ஒட்டி வீடு அமைந்தால் வளாகத்துக்குப் பஸ்ஸிலேயே போய்வரலாம்; நகரப் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது. கையெழுத்துப் போடுமுன் கால அட்டவணையில் இரண்டை மட்டும் பாருங்கள்: இரவு 9 மணிக்குமேல் வண்டி உண்டா, ஞாயிறன்று எத்தனை. லேபில் வேலை செய்பவர்கள் திண்டாடுவது இந்த இரண்டில்தான்.

அடுத்தது லீஸ். பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கி ஜூலைக் கடைசியில் முடியும். பழையதற்கும் புதியதற்கும் நடுவே சில நாள் வீடில்லாமல் நிற்க நேரும்; பெட்டிகளை வைக்க ஜூனிலேயே யாரிடமாவது சொல்லிவையுங்கள். அறைவாரியாகத் தனித்தனி லீஸா, எல்லோருக்கும் சேர்த்து ஒரே லீஸா என்று கேளுங்கள். ஒரே லீஸில் நாலு பேர் 2,400 டாலர் வீடு எடுத்து, ஒருவர் படிப்பை விட்டுப் போனால், மற்ற மூவர் தலையிலும் 600 என்பது 800 ஆகும். மலிவு என்று தனிவீடு எடுத்து ஆறு பேர் தங்கும் யோசனையும் வேண்டாம்: உறவல்லாதவர்கள் எத்தனை பேர் சேர்ந்து குடியிருக்கலாம் என்பதற்கு நகர விதியில் வரம்பு உண்டு.

2024 ஜூலை முதல் ஜார்ஜியாவில் டெபாசிட் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. குடிபோகும் அன்றே கார்ப்பெட் கறை, சுவர் ஓட்டை, அடுப்புக்குப் பின்பக்கம் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சல் செய்யுங்கள். காலி செய்யும்போது வாதாட அதுதான் கையிலிருக்கும்.

கோடை நம் ஊர்க் கடலோரப் புழுக்கம்தான். கரன்ட் பில்லுக்குப் பயந்து ஏசியை அணைத்துவிட்டு மூன்று வாரம் ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது அலமாரியில் தோல் செருப்பின் மேல் பச்சைப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். அணைக்காமல் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டில் விடுங்கள். மார்ச் கடைசியில் பைன் மகரந்தம் கார்களை மஞ்சளாக்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் மாத்திரையை முன்கூட்டியே தொடங்குவது நல்லது. வசந்தத்தில் டொர்னாடோ எனும் சுழல்காற்று எச்சரிக்கையும் வரும். ‘வாட்ச்’ என்றால் வாய்ப்புண்டு. ‘வார்னிங்’ என்றால் உடனே கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் போக வேண்டும்.

நல்ல பக்கம்: பிராட் தெருவைக் கடந்தால் வளாகம் முடிந்து கடைத்தெரு தொடங்கிவிடும், எல்லாம் நடைதூரம். ஆர்.ஈ.எம். இசைக்குழு 1980இல் பிறந்த ஊர் இது. சின்ன அரங்குகளில் இன்றும் கச்சேரி உண்டு. வளாக எல்லையிலுள்ள இரும்பு வளைவுக்கு அடியில் மட்டும் பட்டம் வாங்குமுன் நடக்காதீர்கள், நடந்தால் பட்டம் கிடைக்காதாம். நம்பாதவர்களும் சுற்றித்தான் போகிறார்கள்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை உள்ளூரில் அமெரிக்கக் கால்பந்தாட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் 90,000க்கு மேற்பட்டோர் கூடுவார்கள். வளாகத்தில் காரை நிறுத்துபவர்கள் முந்தின நாளே அறிவிப்பைப் பார்த்து வண்டியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் இழுத்துப் போய்விடுவார்கள். பஸ்களும் வழி மாறும். அட்லாண்டா விமான நிலையத்துக்கு ஷட்டில் வேன் பிடிப்பதானால் அன்றைக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள்.