சேதுச் சீமைக் கடற்கரைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாசியில், ராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கடல் ஊர் ஒன்றில், கரையேற்றிய வத்தை என்ற நாட்டுப்படகின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த நான்கு கல்லூரி மாணவர்கள், வலை சீர்படுத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய் நின்றார்கள். வணக்கம் சொல்லவில்லை, தாங்கள் யார் என்றும் சொல்லவில்லை. ஒருவன் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான். இன்னொருவன், இலங்கைக் கடற்படையிடம் அடி வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டான். பெரியவர் நிமிரவில்லை. “இல்லை தம்பி” என்றார். வலைக்கண்ணில் சிக்கியிருந்த நண்டுக்காலை ஒடித்து எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த கண்ணுக்குப் போனார். அவருடைய தம்பி மகன் அப்போது யாழ்ப்பாணத்துச் சிறையில் இருந்தான் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பையன்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவர்களுக்குப் பொறுமையும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் இதே கரையில் நானும் ஏறக்குறைய இப்படித்தான் நின்றேன் என்பதால் கோபம் இன்னும் கூடியது. அதன்பிறகு சிறு குழுக்களை அழைத்துக்கொண்டும் தனியாகவும் இந்தக் கரையில் எத்தனையோ முறை நடந்துவிட்டேன். தொப்பி கொண்டுவாருங்கள், முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் எழுதுவது வேறு.

‘தண்ணியில்லாக் காடு’ என்று முடிவுகட்டிக்கொண்டு வருவது

அரசு ஊழியர்களை மிரட்டுவதற்குச் சொல்லும் அந்தக் காடு இந்த மாவட்டம்தான். சித்திரை வெயிலில் பஸ் ஜன்னல் வழியாகச் சீமைக்கருவேலத்தையும் வெடித்த கண்மாயையும் பார்த்தவர்கள், சொன்னது சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அதே சாலையில் மார்கழியில் வாருங்கள். ராஜசிங்கமங்கலம் கண்மாய்க் கரையில் நின்றால், ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ஊரார் சொல்வது ஏன் என்று தெரியும். வைகை இங்கே மற்ற ஆறுகளைப் போல நேராகக் கடலில் விழுவதில்லை. வழியெல்லாம் கண்மாய்களை நிரப்பி, மிச்சம் இருந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து சேரும். ஒரு சொட்டையும் கடலுக்கு விட மனமில்லாதவர்கள் அமைத்த ஏற்பாடு அது. மழைக்குப் பிறகு தேர்த்தங்கலிலும் சித்திரங்குடியிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. அதற்கடுத்து மிளகாய்க் காலம் வரும். கரிசல் காட்டில் களம் களமாக உருண்டைச் சிவப்பாகக் காய்கிற முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வறட்சி பொய்யென்று நான் சொல்லவில்லை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தண்ணீருக்கு நடப்பதை இன்றும் பார்க்கலாம். அதனால்தான் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: ஒரு வீட்டில் உங்களுக்குச் சொம்பில் தண்ணீர் நீட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து பாட்டிலை எடுக்காதீர்கள். எவ்வளவு தொலைவிலிருந்து வந்த தண்ணீர் என்பது கொடுத்தவருக்குத் தெரியும். ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசுங்கள்.

ராமேஸ்வரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது

இருபத்திரண்டு தீர்த்தம், மூன்றாம் பிரகாரம், பாம்பன் பாலம், இரவு ரயில் என்று முடித்துக்கொள்பவர்கள் ஒரு தீவைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தக் கரையின் குணம் தெரிய வேண்டுமானால் கீழக்கரையையும் ஓரியூரையும் ஒரே நாளில் பாருங்கள். கீழக்கரைப் பழைய பள்ளிவாசலின் கல்தூண்களுக்கு நடுவே நின்றால் கோயில் மண்டபத்தில் நிற்பதுபோல இருக்கும். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று நாம் சொல்லும் அந்தச் சீதக்காதி இந்த ஊர் மரைக்காயர். ராமநாதபுரம் அரசர் கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர், உமறுப் புலவரை ஆதரித்தவர். வடக்கே ஓரியூரில், அதே கிழவன் சேதுபதியின் ஆட்சியில்தான் 1693இல் போர்த்துகீசியப் பாதிரியார் அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்டது. இன்று அந்தத் திருத்தலத்துச் செம்மண்ணை எல்லா மதத்தவரும் முடிந்து எடுத்துப் போகிறார்கள். ஒரே அரசனின் காலத்தில் இரண்டும் நடந்திருக்கின்றன. ‘மத நல்லிணக்க பூமி’ என்றோ ‘கலவர பூமி’ என்றோ ஒற்றை வரியில் எழுதத் துடிப்பவர்கள் இந்த இரண்டு ஊர்களுக்கும் போய்விட்டு வந்து எழுதட்டும்.

‘மீனவர்கள்’, ‘முஸ்லிம்கள்’ என்று மொத்தமாகப் பேசுவது

விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் ஒரே கடலில் வேறு வேறு நாட்களில் போகிறவர்கள். ஒருவரின் இழுவலை இன்னொருவரின் வலையை அறுத்துவிடும். தென்கடல் என்றால் மன்னார் வளைகுடா, வடகடல் என்றால் பாக் விரிகுடா. இரண்டிலும் காற்று வேறு, மீன் வேறு, பயமும் வேறு. மீனவர் பிரச்சினை என்ன என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் கிடைக்கும். அது முன்பே பத்திரிகையில் வந்த பதிலாகவும் இருக்கும்.

ஒருமுறை என்னோடு வந்த இளைஞர் ஒருவர், கீழக்கரையில் ஒரு பெண் தன் அண்ணனை “காக்கா” என்று கூப்பிட்டதும் சத்தமாகச் சிரித்துவிட்டார். அங்கே அண்ணன் காக்கா, அக்காள் லாத்தா. அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் போனவர்தான், திரும்பி வரவில்லை. எங்களுக்காக வாழையிலையில் எடுத்து வைத்திருந்த தொதல் என்ற இனிப்பு அப்படியே இருந்தது. எல்லோரையும் ‘பாய்’ என்று அழைப்பதை விட்டுவிட்டு, வீட்டார் ஒருவரையொருவர் எப்படி அழைக்கிறார்கள் என்று முதல் கால்மணி நேரம் கேட்டுக்கொண்டிருங்கள்.

பாசி எடுக்கும் பெண்களைப் படம் பிடித்து, ஊரும் பேருமாக வெளியிடுவது

இதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

தென்கடல் ஓர ஊர்களில் பல நூறு பெண்கள் கடற்பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். நீர் வற்றும் நேரம் பார்த்து, விடியற்காலையிலேயே வத்தையில் ஏறித் தீவுப் பக்கம் போவார்கள். சேலைக்கு மேல் ஒரு பழைய சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. பத்து விரல்களிலும் துணிக்கிழிசலைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள், பாறை அறுக்காமலிருக்க. மூச்சடக்கி இறங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து, மேலே வந்து ஒரு மூச்சு விட்டு மறுபடி இறங்குவார்கள். கரையேறும்போது அந்தத் துணியை அவிழ்த்தால் விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிச் சுருங்கியிருக்கும். அப்படியும் துணி விலகிய இடத்தில் ஒரு கீறல் இருக்கும். காய்ந்த பாசி அகர் தயாரிக்கப் போகிறது. ஐஸ்கிரீமிலும் மருந்திலும் அது நம் வாய்க்கு வந்து சேர்கிறது.

1986இல் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இந்தப் பெண்களின் தாயும் பாட்டியும் போய்த் தங்கிய தீவுகள் அவை. நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என்று பெயர் வைத்தவர்களே, அங்கே இறங்கி ஊற்றுத் தோண்டிக் குடித்துப் பார்த்தவர்கள்தானே. இப்போது தீவில் இறங்குவது குற்றம். எல்லைக்கு உள்ளே பாசி பறித்தால் அபராதம், படகும் போகலாம். கடலுக்குள் எல்லைக் கல் கிடையாது. மாதத்துக்கு 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருக்கும் ஊர்களும் உண்டு. பாசி அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பது தாங்கள்தான் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு ஊரில் எட்டு நாள் தங்கினேன். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏழாம் நாள் என்னை வத்தையில் ஏற்றிக்கொண்டார்கள். ஓர் அக்கா கைநிறையப் பாசியோடு நீருக்கு மேலே வந்த நொடியில் படம் எடுத்தேன். முகத்தில் நீர் வழிய, வாய் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வத்தையின் பதிவு எண். அதற்கும் பின்னால் தீவின் மரவரிசை. ஒரு பத்திரிகை அதைப் பெரிதாகப் போட்டது. படத்தின் கீழே அவர் பெயர், ஊர்ப் பெயர், தீவின் பெயர் மூன்றையும் நானே எழுதிக்கொடுத்தேன். அவருக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்தேன்.

நான்கு மாதம் கழித்து ஆறு பிரதிகளைக் கட்டிக்கொண்டு போனேன். வாசலில் யாரும் எழுந்திருக்கவில்லை. வேறொருவர்தான் விவரம் சொன்னார். அதிகாரிகள் அந்தப் பக்கத்தை ஒரு மேசைமேல் விரித்துப்போட்டு, அந்த அக்காவையும் வத்தைக்காரரையும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். வத்தை பதினொரு நாள் கரையிலேயே நின்றது. அபராதத்தை அதில் போன எல்லாப் பெண்களும் பங்கு போட்டுக் கட்டினார்கள், ஆளுக்கு இரண்டு வாரப் பாடு போயிற்று. பாசி வாங்கும் வியாபாரி முன்பணத்தை நிறுத்திவிட்டார். அந்தப் பருவம் முழுக்க அந்த அக்காவை மட்டும் யாரும் வத்தையில் ஏற்றவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்ல படம்தான் தம்பி. என் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது” என்றார். பிரதியை வாங்கிக்கொள்ளவில்லை.

இதை நான் ஒவ்வொரு குழுவுக்கும் கிளம்புவதற்கு முன் சொல்கிறேன். கேட்டுத் தலையாட்டிவிட்டு, மறுநாளே கரையில் நின்று டிரோனை மேலே ஏற்றியவர்களும் உண்டு. ‘இவர்கள் கஷ்டத்தை உலகத்துக்குச் சொல்லத்தானே’ என்பார்கள். அந்தக் கஷ்டத்தில் ஒரு பங்கு உங்கள் படத்தால் வரப்போகிறது என்றால் புரிவதில்லை. இப்போது பத்திரிகைகூட வேண்டாம். கைப்பேசியே எடுத்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்கிறது. படம் வீட்டுக்குப் போவதற்குள் எல்லோர் கைக்கும் போய்விடுகிறது.

படமே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. கேட்பதைக் கரையிலேயே, முதல் நாள் சாயங்காலமே கேளுங்கள். வத்தையில் ஏறிய பிறகு கேட்டால் அவர்களால் முடியாது என்று சொல்ல இயலாது. ஒருவரிடம் மட்டும் கேட்டால் போதாது, அந்த வத்தையில் போகிற எல்லோரிடமும் கேளுங்கள். கைப்பேசியில் இடம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். படகு எண் விழக் கூடாது, பின்னணியில் தீவு விழக் கூடாது. காய வைத்த பாசியை எடுங்கள், துணி சுற்றிய விரல்களை எடுங்கள். எடுத்ததை அவர்களிடம் காட்டி, அழி என்று சொன்னால் அங்கேயே அழியுங்கள். ஊர்ப் பெயர் இல்லாமல் கட்டுரை சுவைக்காது என்று யாராவது சொன்னால், அந்தக் கட்டுரையைக் கொடுக்காதீர்கள்.

ஏர்வாடியில் வேடிக்கை பார்ப்பது

ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவைப் பார்க்கப் போங்கள், எல்லாச் சமூகத்தவரும் தோளுரச நிற்பதைப் பாருங்கள். ஆனால் நோய் தீருமென்று நம்பி அங்கே அழைத்து வரப்படும் மனநோயாளிகளைப் பார்ப்பதற்கென்று போகாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் இறந்தார்கள். இன்றும் தர்காவைச் சுற்றி, நோயுற்ற மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு வந்து தங்கியிருக்கும் தாய்மார்கள் உண்டு. அவர்களாகப் பேசினால் கேளுங்கள்.

‘மிதக்கும் கல்’ வாங்குவது

ராமர் பாலத்துக் கல் என்று ராமேஸ்வரத்தில் விற்பதில் பெரும்பகுதி பவளப்பாறை. அதை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.

சாதி கேட்பது

வேண்டாம். ஊரைக் கேளுங்கள், தொழிலைக் கேளுங்கள்.

தடைக்காலத்தில் வந்து, கடலில் படகே இல்லையே என்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது.

தனுஷ்கோடியை ஆளில்லா ஊர் என்பது

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயலில் ரயிலோடும் நிலையத்தோடும் அழிந்த ஊர் அது. தேவாலயச் சுவரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள், பின்னால் ஓலைக்குடிசைகளில் குடும்பங்கள் இருப்பதைப் பார்ப்பதே இல்லை. மீன்பிடித்துக்கொண்டு அங்கேயே வாழ்கிறார்கள். இரண்டு பக்கமும் கடல் கிடக்க, நடுவில் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. அதைச் சிரட்டையால் மெல்ல, மண் கலங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய வெகுநேரம் ஆகும்.

இந்தத் தையில் அப்படியோர் ஊற்றில் ஒரு சுற்றுலாக் குடும்பம் வரிசையாக நின்று கால் கழுவிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சிறுமி சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் போகட்டும் என்று நின்றிருந்தாள். அவர்கள் போனதும் கலங்கல் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே கொட்டினாள். பிறகு ஓரத்து மணலை ஒதுக்கிவிட்டு, தெளிந்து ஊறுவதற்காகக் குந்தி உட்கார்ந்துகொண்டாள்.