பழைய கியூ.எஸ்.எல். அட்டைகள்: கட்டைக் குலைக்காமல் சேர்ப்பது எப்படி

மலாயா அழைப்புக்குறிகளின் (ஹாம் நிலையத்துக்கு உரிமத்தோடு தரப்படும் அடையாளக் குறி) முன்னொட்டான வி.எஸ்.2 அச்சான கியூ.எஸ்.எல். அட்டையைப் பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் தேடி அலைவது பெரும்பாலும் வீண். அந்த அட்டைகள் எழுதப்பட்டதே வெளிநாட்டுக்கு அனுப்பத்தான். இங்கிருந்த ஹாம் வானொலிக்காரர் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானலையில் பேசுபவர்) ஒருவர் பெர்த்திலோ பர்மிங்ஹாமிலோ உள்ள இன்னொருவரோடு வானலையில் பேசி முடித்ததும், பேசியது உண்மைதான் என்று நாள், நேரம், அலைவரிசை குறித்துத் தபாலில் அனுப்பியது அது. ஆகவே மலாயாக்காரரின் அட்டைகள் இன்று பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஜப்பான் என்று யார் யார் வீட்டுப் பெட்டியிலோ கிடக்கின்றன. தோட்டப்புற ஊரில் அகப்படுவது மறுபாதி, அதாவது இங்கே வந்து சேர்ந்தவை. தேடும்போது இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

வந்து சேர்ந்தவையும் இரு வகை. ஒன்று, ஹாம் உரிமம் வைத்திருந்தவருக்கு வந்தவை. அவர் தோட்ட மேனேஜராகவோ, அவசரகாலத்தில் (1948–60 கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலம்) இங்கே பணியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தாராகவோ இருந்திருக்கலாம். இன்னொன்று, சிற்றலை நேயர்களுக்கு வானொலி நிலையங்கள் அனுப்பியவை. ரேடியோ ஆஸ்திரேலியா, ஜப்பானின் என்.எச்.கே., அகில இந்திய வானொலி போன்றவை, தங்கள் ஒலிபரப்பைக் கேட்டு அறிக்கை எழுதியவர்களுக்கு அட்டை அனுப்பின. ரேடியோ பெட்டி வைத்திருந்த கிராணி (தோட்ட எழுத்தர்), டிரெசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்), பள்ளி ஆசிரியர் வீடுகளில் தேட வேண்டியது இந்த இரண்டாம் வகையை. விலையில் இது குறைவு. தமிழர் கையால் எழுதிய அறிக்கையின் நகலும் கூடவே கிடைத்தால், மேனேஜர் பங்களா அட்டையைவிட இதற்கே இடம் கொடுக்கலாம்.

எங்கே கேட்பது

தோட்டம் கைமாறும்போதும், ரப்பரை வெட்டிச் செம்பனையோ வீடமைப்போ வரும்போதும் பழைய ஆபீஸும் பங்களாவும் காலியாகும். காகிதம் முதலில் போய்ச் சேருவது பேப்பர் லாமா (பழைய காகிதம் வாங்குபவர்) லாரிக்கு. அவர் வாங்குவது கிலோ கணக்கில். ரேடியோ படம், பெரிய எழுத்து, தபால்தலை உள்ள அட்டைக் கட்டு வந்தால் எடுத்து வைக்கச் சொல்லி, எடை விலைக்கு மேல் சில வெள்ளி (ரிங்கிட்) தருவதாகச் சொன்னால் போதும். மாதிரிக்கு ஓர் அட்டையின் படத்தை அவர் கைப்பேசிக்கு அனுப்பிவிடுங்கள். வாயால் விளக்குவதைவிட அது வேலை செய்யும்.

அட்டையை மட்டும் கேட்பது தவறு. லாக் புத்தகம், உரிமக் கடிதம், வெற்று அட்டைகள், உறைகள், அவை இருந்த பிஸ்கட் டின் எல்லாவற்றையும் கேளுங்கள். லாக் புத்தகம் என்பது யாரோடு எப்போது பேசினார் என்று அந்த ஹாம் வரிசையாக எழுதிவைத்த பதிவேடு. அது ஒன்று இருந்தால் கட்டிலுள்ள ஒவ்வோர் அட்டைக்கும் இன்னொரு சாட்சி கிடைத்துவிடும். லாக் புத்தகத்தைக் குப்பையில் விட்டு, வண்ண அட்டைகளை மட்டும் பொறுக்கி வருகிறவர்கள்தான் அதிகம்.

கட்டு கையில் வந்ததும்

நாடுவாரியாகப் பிரிக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஆளுக்கு வந்த 200 அட்டைகள் சேர்ந்திருந்தால் அவர் எந்த ஆண்டுகளில் வானலையில் இருந்தார், எந்தத் திசையில் ஆன்டெனா கட்டியிருந்தார், எப்போது ஊர் மாறினார் என்பதெல்லாம் படிக்கக் கிடைக்கும். பிரித்து விற்றால் அவை 200 அழகான படங்கள், அவ்வளவுதான்.

முதலில் கட்டை இருந்தபடியே நாலு பக்கமும் படமெடுங்கள். ரப்பர் பேண்டை இழுக்கக் கூடாது. நம் வெப்பத்தில் அது உருகி அட்டையில் ஒட்டியிருக்கும். கத்தரியால் வெட்டி, ஒட்டாத பகுதியை மட்டும் எடுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்பிள் இருந்தால் அதன் கால்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி, மழுங்கிய கத்தி நுனியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்தி எடுங்கள். பிறகு இருந்த வரிசையிலேயே எண் கொடுங்கள். எண்ணை அட்டையில் எழுத வேண்டாம். தனிச் சீட்டில் 2பி பென்சிலால் எழுதி உறைக்குள் வையுங்கள். கிடைத்த ஊரின் குறி, கட்டு எண், அட்டை எண் என்று மூன்று பகுதியாக, ‘சுசி-03-041’ போல வைத்தால் பிறகு எத்தனை கட்டு வந்தாலும் குழப்பம் வராது.

கறுப்புத் தாள் ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். மைப் பேனா எழுத்தும் ரப்பர் முத்திரையும் நிமிடத்தில் கரையும். ஆல்பத் தாளோடு சேர்த்து வெட்டி அப்படியே வைத்துக்கொள்ளலாம். செலோடேப்பையும் தொட வேண்டாம். தபால்தலையைத் தனியாகக் கழற்றுவது பெரிய நட்டம். தலை போனால் தபால் முத்திரையில் பாதி போகும், தேதிக்கான சாட்சியும் போகும்.

அட்டையைப் படிப்பது

பெரிய எழுத்தில் இருப்பது அனுப்பியவரின் அழைப்புக்குறி. சிறிய கட்டத்தில் கையால் எழுதியிருப்பது பெற்றவருடையது. புதிதாகச் சேர்ப்பவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் பதிவு செய்துவிடுவார்கள். அடுத்து நாள், நேரம், அலைவரிசை, முறை (குரலா, மோர்ஸா), ஆர்.எஸ்.டி. மதிப்பெண். ஆர்.எஸ்.டி.யில் முதல் இலக்கம் தெளிவு (1 முதல் 5), இரண்டாவது வலிமை (1 முதல் 9), மூன்றாவது மோர்ஸ் ஒலியின் தூய்மை (1 முதல் 9). குரல் தொடர்புக்கு 59 போல இரண்டு இலக்கம்தான் வரும். மோர்ஸுக்கு 599 போல மூன்று. ‘பி.எஸ்.இ. கியூ.எஸ்.எல்.’ பக்கம் குறியிட்டிருந்தால் உன் அட்டையை அனுப்பு என்று பொருள், ‘டி.என்.எக்ஸ்.’ பக்கம் என்றால் உன் அட்டை கிடைத்தது, நன்றி. கீழே 807 வால்வு, ஏ.ஆர்.88 ரிசீவர், டைபோல் ஆன்டெனா என்று கருவி விவரம் இருக்கும். அதையும் விடாமல் பதிவு செய்யுங்கள்.

நேரம்தான் அதிகம் சறுக்கும் இடம். அட்டையில் பெரும்பாலும் கிரீன்விச் நேரம். மலாயா நேரம் 1945 செப்டம்பர் முதல் 1981 முடியும்வரை கிரீன்விச்சைவிட ஏழரை மணி முன்னே இருந்தது. 1982 ஜனவரி 1 முதல்தான் எட்டு மணி. இன்றைய எட்டு மணிக் கணக்கைப் போட்டால் அரை மணி பிசகும். 1955இல் ‘4ஆம் தேதி 1700 ஜி.எம்.டி.’ என்றால் இங்கே 5ஆம் தேதி நள்ளிரவு கடந்து அரை மணி. லாக் புத்தகம் உள்ளூர் நேரத்தில் எழுதப்பட்டிருந்தால் அட்டைக்கும் அதற்கும் ஒருநாள் வித்தியாசம் தெரியும். அதைப் பிழையென்று திருத்திவிடாதீர்கள். தேதி எழுதும் முறையும் கவனிக்க வேண்டியது. 5/6/54 என்பது பிரிட்டிஷ் அட்டையில் ஜூன் 5, அமெரிக்க அட்டையில் மே 6. சோவியத் அட்டைகளில் மாதம் ரோமன் எண்ணில் இருப்பதுண்டு. அவற்றில் ‘மாஸ்கோ, பெட்டி 88’ என்று கண்டால் அது ஆளின் வீட்டு முகவரி அல்ல, அந்நாட்டு ஹாம்களுக்கான பொதுப் பெட்டி.

அழைப்புக்குறியின் தொடக்கத்திலுள்ள முன்னொட்டு, நாட்டோடு காலத்தையும் சொல்லும். போருக்கு முன் வி.எஸ்.1 நீரிணைக் குடியேற்றங்கள், வி.எஸ்.2 கூட்டு மலாய் மாநிலங்கள், வி.எஸ்.3 கூட்டில் சேராத மாநிலங்கள். போருக்குப் பின் வி.எஸ்.1 சிங்கப்பூர், வி.எஸ்.2 மலாயா, வி.எஸ்.4 சரவாக், வி.எஸ்.5 புருணை, இசட்.சி.5 பிரிட்டிஷ் வட போர்னியோ. மெர்டேக்காவுக்குப் (1957 விடுதலை) பின் மலாயாவுக்கு 9எம்2 வந்தது. மலேசியா அமைந்ததும் சபாவுக்கு 9எம்6, சரவாக்குக்கு 9எம்8. சிங்கப்பூர் நம்மோடு இருந்த 1963–65 காலத்துக்கு உரியது 9எம்4. பிரிந்த பின் அது 9வி1. கால அளவு குறுகியது என்பதால் 9எம்4 அட்டை கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுத்து வைக்கலாம். ஒரே அழைப்புக்குறி பிறகு வேறொருவருக்குத் தரப்படுவதும் உண்டு. எனவே ஆளை முடிவு செய்ய அந்தந்த ஆண்டின் ‘ரேடியோ அமெச்சூர் கால்புக்’ என்ற ஹாம்களின் பெயர், முகவரிப் பட்டியலைப் பாருங்கள். பழைய தொகுதிகள் பல இன்டர்நெட் ஆர்க்கைவில் வருடப்பட்டு (ஸ்கேன் செய்யப்பட்டு) கிடக்கின்றன.

பொய் அட்டை

முழுக்கப் போலியாக அச்சிடுவது குறைவு. பயன்படாமல் மிஞ்சிய அசல் வெற்று அட்டையில் இன்று கையால் நிரப்பி விற்பதே அதிகம். அச்சு அசலாக இருப்பதால் கண் ஏமாறும். மையைப் பாருங்கள்: பால்பாயிண்ட் பேனா கடைக்கு வந்தது 1940களின் நடுவில், எனவே 1937 தேதியைப் பால்பாயிண்டில் எழுதியிருக்க முடியாது. ஆர்.எஸ்.டி. முறை 1934இல் வெளிவந்தது. அதற்கு முந்திய தேதியில் அது அச்சாகியிருந்தால் கதை முடிந்தது. அலைவரிசை ‘மெகாஹெர்ட்ஸ்’ என்று அச்சான 1950களின் பிரிட்டிஷ், அமெரிக்க அட்டையும் ஒட்டாது. அங்கே அந்நாள் வழக்கு மெகாசைக்கிள். அமெரிக்க முகவரியில் ஜிப் எண் இருந்தால் 1963 ஜூலைக்குப் பிந்தியது, இந்திய முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. ஜப்பானிய ஆட்சிக்கால மலாயா ஹாம் அட்டை என்று யாராவது நீட்டினால் வாங்காமல் நகருங்கள்.

365 நானோமீட்டர் புறஊதா டார்ச் ஒன்றும் 10 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒன்றும் போதுமான கருவிகள். காகிதத்தை வெளுப்பாக்கும் ஒளிர்பொருள் 1950 வாக்கில்தான் பரவலானது. போருக்கு முந்தியது என்று சொல்லும் அட்டை டார்ச்சில் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் விலகுங்கள். லூப்பில் புள்ளிகள் ஒழுங்கின்றித் தெறித்திருந்தால் இன்க்ஜெட். ஈய அச்சு என்றால் எழுத்து காகிதத்தில் சற்றே அழுந்தியிருக்கும்.

தபால்தலையோ முத்திரையோ இல்லாதது குறையல்ல. நாட்டுச் சங்கங்களின் கியூ.எஸ்.எல். பீரோ வழியாக மொத்தமாகப் போன அட்டைகளில் அவை இருக்காது. முத்திரை இருந்தால் அதன் தேதி, தொடர்பு நாளுக்குப் பிந்தியிருக்க வேண்டும். சில மாதம் பிந்துவது சாதாரணம், முந்துவது கூடாது. ஊர்ப் பெயரும் உதவும். தெலுக் ஆன்சன் 1982இல்தான் தெலுக் இந்தான் ஆனது. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972 வரை. சுங்கை சிப்புட்டில் ‘சுங்கை’ பழைய ரோமன் எழுத்துக்கூட்டலில் ‘ஈ-ஐ’ (ei) என்று முடியும். ‘ஏ-ஐ’ (ai) என்பது பிந்தியது. ஆனால் பழைய முத்திரைக் கட்டையை உடனே தூக்கி எறிய மாட்டார்கள், ஆகவே பழைய எழுத்தை மட்டும் வைத்து ஆண்டை முடிவு செய்யாதீர்கள்.

ஈரம், பூச்சி

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். 65ஐத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அட்டைக்கு ஏற்றது 45 முதல் 55. கேமராக்காரர்கள் வாங்கும் டிரை கேபினட்டை (ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் மின் அலமாரி) 50இல் வைத்தால் கவலையில்லை. அது கட்டுப்படியாகாவிட்டால் ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பெட்டி, சிறு ஈரப்பதமானி, சிலிக்கா ஜெல். 10 லிட்டர் பெட்டிக்கு 100 கிராமில் தொடங்கி, மானியைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். 35க்குக் கீழே போனால் அட்டை வளைந்து முறுகும். நிறம் மாறும் ஆரஞ்சு ஜெல் நல்லது. நீல ஜெல்லில் நச்சான கோபால்ட் உப்பு உண்டு. ஈரம் குடித்த ஜெல்லைச் சுமார் 110 பாகையில் அவனில் சில மணி நேரம் காயவைத்து, ஆறிய பின் திரும்பப் போடலாம்.

உறை பாலியஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன். பி.வி.சி. வேண்டாம், புதுக் குளியலறைத் திரைபோல் நெடி அடித்தால் அதுதான் பி.வி.சி., சில ஆண்டில் பிசுபிசுத்து மையை இழுக்கும். அட்டைகள் பெரும்பாலும் 140க்கு 90 மில்லிமீட்டர். உறை எல்லாப் பக்கமும் ஓரிரு மில்லிமீட்டர் தளர்வாக இருக்கட்டும். ஒட்டும் பக்கமுள்ள போட்டோ ஆல்பம் கூடவே கூடாது, அட்டையைப் பிறகு எடுக்க முடியாது. அந்துருண்டையும் பிளாஸ்டிக்கும் ஒத்துப்போகாது.

இராமபாணப் பூச்சியோ முட்டையோ கண்டால், அட்டைகளை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, மைனஸ் 18 பாகை உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒருநாள் முழுக்க அறை வெப்பத்தில் கிடந்த பிறகே திறக்க வேண்டும். அவசரப்பட்டால் பனி நீர் அட்டைமேல் படிந்து மையைக் கரைக்கும். பூஞ்சணம் ஈரமாக இருக்கும்போது துடைத்தால் இழைக்குள் இறங்கிவிடும். நிழலில், நேரடிக் காற்று படாமல் உலரவிட்டு, முகக்கவசத்தோடு வெளியே கொண்டுபோய் மென்தூரிகையால் தட்டுங்கள்.

வருடலும் வெளியூர் வாங்கலும்

இரு பக்கமும் 600 டி.பி.ஐ.யில், வண்ணத்தில், டிஃப் கோப்பாக. பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் விடாதீர்கள். பென்சில் குறிப்பு பின்னால் தெரியவரும். கோப்பின் பெயர் அட்டை எண்ணே. சுவரில் மாட்ட விரும்பினால் நகலை மாட்டுங்கள்.

மலாயா அட்டைகளை வெளிநாட்டு ஏலத்தில் தேடும்போது ‘மலாயா’ என்று மட்டும் தட்டினால் தபால்தலைக்காரர்களின் போட்டி விலையில் மாட்டுவீர்கள். அழைப்புக்குறி முன்னொட்டையே தட்டுங்கள். விற்பவரிடம் பின்பக்கப் படம் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் விட்டுவிடலாம். அதே ஆளுக்கு வந்த மற்ற அட்டைகளும் இருக்கின்றனவா என்று ஒரு வரி கேட்டுப் பாருங்கள், மொத்தமாகக் குறைவாகவே தருவார்கள்.

இணையத்தில் படம் போடும்போது அண்மைக்கால அட்டைகளில் வீட்டு முகவரியை மறையுங்கள். கட்டு பெரிதாகி, வீட்டில் வாரிசுக்கு ஆர்வம் இல்லையென்றால், பல லட்சம் அட்டைகளைக் காத்துவரும் வியன்னா ‘டோக்குஃபுங்க்’ ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். கொடுக்கும்போது லாக் புத்தகத்தையும் உங்கள் எண் பட்டியலையும் சேர்த்தே கொடுங்கள்.