தணலுக்கு மேலே எந்தக் கம்பி? மலையகத்து வீட்டு கிரில் அடுப்புக்குத் தட்டுத் தெரிவு செய்வது எப்படி

செங்கல்லை மூன்று பக்கமும் அடுக்கி நடுவில் கரியைக் கொட்டினால் கிரில் அடுப்பு தயார். அதில் பெரிதாகப் பிழை விட இடமில்லை. பிழை வருவது மேலே வைக்கிற கம்பித் தட்டில்தான். இறைச்சி தொடுவது அதைத்தான், தணல் சுடுவதும் அதைத்தான், இரவெல்லாம் பனியில் நனைவதும் அதுதான்.

என் முதல் அடுப்புக்கு ஹார்ட்வெயார் கடையில் கோழிக்கூட்டு வலை வாங்கிப் போட்டேன். பளபளவென்று இருந்தது, விலையும் குறைவு. தணல் ஏறியதும் வலை தொய்ந்தது, பளபளப்பு மங்கி வெள்ளையாகத் தூள் பூத்தது. வெல்டிங் கடை அண்ணன் பார்த்த உடனே சொன்னார்: "தம்பி, இது ஜி.ஐ. வலை. இதுல சுட்டத பிள்ளைகளுக்குக் குடுத்துறாதீங்க."

படி 1: ஆகாததை முதலில் ஒதுக்குங்கள்

ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் ஏறக்குறைய 420 பாகை செல்சியஸில் உருகும், 907 பாகையில் கொதிக்கும். விசிறி விசிறிக் கரியை மூட்டினால் தணலின் உட்பகுதி அந்தச் சூட்டையும் எட்டக்கூடும். எழும் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டிங் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்த காய்ச்சல். சூடு குறைவாக இருந்தாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். நம் வீடுகளில் இறைச்சிக்குத் தேசிக்காய், தயிர், வினாகிரி என்று புளிப்பில்லாமல் மசாலா பிரட்டுவதில்லை. புளிப்பு துத்தநாகத்தைக் கரைத்துச் சாப்பாட்டில் சேர்க்கும், அது வயிற்றைப் பிரட்டும்.

தேயிலைத் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட வலைத்துண்டு கிடைத்தாலும், அது என்ன உலோகம் என்று தெரியாமல் அடுப்பில் வைக்காதீர்கள். பழைய பிரிஜ் தட்டும் அப்படியே: பிளாஸ்டிக்கோ வேறு உலோகமோ பூசியிருப்பார்கள். பெயின்ட் அடித்த கம்பி வேண்டாம். அலுமினிய வலை 660 பாகையில் உருகிவிடும்.

படி 2: உங்கள் ஊர் மழையைப் பார்த்து முடிவெடுங்கள்

மிஞ்சுவது மூன்று: வார்ப்பிரும்பு, பூச்சில்லாத சாதாரண இரும்புக் கம்பி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். இறைச்சியில் அழகாகக் கோடு விழும். ஆனால் அது நொறுங்கும் குணமுள்ளது. நன்றாகக் காய்ந்த தட்டின் மேல் திடீரென்று மழை கொட்டினால் விரிசல் விடலாம். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. வானம் எப்போது திறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் அந்த மாதங்களில் பெரும்பாலும் வெயிலும் காற்றும்தான், அங்கே இருப்பவர்கள் தாராளமாக வார்ப்பிரும்பை நினைக்கலாம். கூரை உள்ள இடம் என்றால் எங்கேயும் சரி.

சாதாரண இரும்புக் கம்பி மலிவு, எந்த வெல்டிங் கடையிலும் வேலை முடியும். கொங்கிரீட்டுக்குப் போடும் வரி விழுந்த கம்பியை எடுக்காதீர்கள். அந்த வரிகளுக்குள் கொழுப்பு புகுந்துவிட்டால் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. வழவழப்பான உருட்டுக் கம்பி கேளுங்கள். ஒரே குறை துரு. இரண்டு நாள் வெளியே மறந்தால் செம்மண் நிறமாகிவிடும்.

மழை ஊரில், திறந்த வெளியில், முதல் தடவை செய்கிறவருக்கு நான் சொல்வது 304 வகை ஸ்டெயின்லெஸ் கம்பி. சமையல் பாத்திரத்தில் 18/8 என்று அச்சடித்திருப்பது பெரும்பாலும் இந்த வகைதான்: 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். விலை கூடத்தான். ஆனாலும் துருவோடு மல்லுக்கட்டாமல் வருடக்கணக்கில் இருக்கும்.

படி 3: கடையிலேயே சோதியுங்கள்

பையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். 304 கம்பியில் காந்தம் ஒட்டாது, வளைத்த இடத்தில் லேசாக இழுக்கலாம். பலமாக ஒட்டினால் அது ஜி.ஐ.யாகவோ, இரும்பாகவோ, 430 வகை ஸ்டெயின்லெஸ்ஸாகவோ இருக்கும். 430 கெட்டதல்ல, ஈரத்தில் 304 அளவுக்குத் தாங்காது. காந்தம் ஒட்டாத மலிவான 201 வகையும் சந்தையில் உண்டு. அதனால் வகை எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

படி 4: அளவு சொல்லி வெல்டிங்குக்குக் கொடுங்கள்

நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 45 x 40 சென்டிமீற்றர் போதும். சட்டத்துக்கு 10 மில்லிமீற்றர் கம்பி, குறுக்கே 6 மில்லிமீற்றர் கம்பி, இடைவெளி 12 மில்லிமீற்றர். கிட்டத்தட்ட 22 கம்பி வரும். மொத்த எடை 3 கிலோவைக் கொஞ்சம் தாண்டும். அடியில் நடுவாக ஒரு தாங்கு கம்பி வையுங்கள், இல்லையென்றால் சூட்டில் நடு தொய்யும்.

ஸ்டெயின்லெஸ்ஸுக்கு 308 வெல்டிங் குச்சி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சாதாரணக் குச்சியால் ஒட்டினால் ஒட்டிய இடமெல்லாம் துருப்பிடிக்கும். இன்னொன்று: 45 சென்டிமீற்றர் ஸ்டெயின்லெஸ் கம்பி 300 பாகை சூடு ஏறினால் 2 மில்லிமீற்றருக்கு மேல் நீளும். செங்கல்லுக்கு நடுவே இறுக்கிச் செருகாமல் பக்கத்துக்கு 5 மில்லிமீற்றர் விடுங்கள்.

படி 5: முதல் சூடு

சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெறும் தட்டை அரை மணி நேரம் தணலில் காய வையுங்கள். பட்டறை எண்ணெய் எல்லாம் எரிந்து போகும். ஸ்டெயின்லெஸ் என்றால் வேலை முடிந்தது.

இரும்பும் வார்ப்பிரும்பும் என்றால் எண்ணெயில் பழக்க வேண்டும், அதாவது எண்ணெய் பூசிச் சூடாக்கி மேலே படலமாக இறுக வைக்க வேண்டும். நம்மவர்கள் கை தானாகத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்குப் போகும். இந்த வேலைக்கு அது சரிவராது. நிறைகொழுப்பு அதிகம் என்பதால் இறுகிப் படலமாகாமல் பிசுபிசுக்கும். சோயா அல்லது சூரியகாந்தி எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசி, பூசியது தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டு, புகை அடங்கும்வரை சூடாக்குங்கள். மூன்று நான்கு முறை செய்தால் கறுப்பாக மினுங்கும்.

சுட்டு முடித்ததும் தட்டு இளஞ்சூடாக இருக்கும்போதே தேங்காய்த் தும்பால் தேயுங்கள். கம்பிப் பிரஷ் வேண்டாம், அதன் மயிர்க்கம்பி இறைச்சியில் ஒட்டித் தொண்டைக்குள் போன சம்பவங்கள் உண்டு. தேய்த்த தட்டை உள்ளே எடுத்து, அடுப்படியில் விறகு காயப்போடும் பரண் மேல் வையுங்கள். அங்கே ஈரம் அண்டாது.