மனுவுக்குள் பிள்ளையை இழுக்காதீர்கள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பீருமேடு, தேவிகுளம் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் குழந்தைப் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். மனசு நல்ல மனசு. ஆனால் பழைய ஆட்கள் விழுந்த அதே குழியில்தான் அவர்களும் போய் விழுகிறார்கள். 1098 என்ற குழந்தை உதவி எண்ணையும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தையும் பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள் என்பதால் அவற்றின் அடிப்படைகளை விட்டுவிட்டு, அடிக்கடி நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பேரை மாற்றினால் போதும் என்று நினைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று ஒரு அமைப்பு மனு எழுதியது. கோரிக்கை நியாயமானதுதான். படிப்பவர்கள் மனசைத் தொட வேண்டும் என்று ஒரு சிறுமிக்கு நடந்ததை முதல் பக்கத்திலேயே வைத்தார்கள். பேரை மாற்றியிருந்தார்கள், சரி. தோட்டத்தின் டிவிஷன் பேர், எத்தனையாவது லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடு), அப்பாவுக்கு ஃபேக்டரியில் என்ன வேலை, பிள்ளை எந்த வகுப்பு என்பதெல்லாம் அப்படியே இருந்தன. கூடவே ஒரு போட்டோ. முகத்தை மட்டும் மங்கலாக்கி, யூனிஃபார்மையும் பின்னால் இருந்த நீலக் கதவையும் அப்படியே விட்டிருந்தார்கள்.

லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். மனுவின் நகல் வாட்ஸ்அப்பில் சுற்றியது. யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு பொழுதுகூட ஆகவில்லை. கடைசியில் அந்தக் குடும்பம் தமிழ்நாட்டுக் கம்பத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. தோட்டத்தில் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். அந்தத் தாய் இரண்டையும் இழந்தார்.

"பத்திரிகையில் போடவில்லையே, மனுதானே" என்று இன்னமும் வாதாடுகிறார்கள். பேர், முகவரி, படம் மட்டுமல்ல, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று போக்சோ பிரிவு 23 ஊடகங்களுக்குச் சொல்கிறது. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பத்திரிகையோடு பிற தகவல் வடிவங்களையும் சேர்த்தே தடுக்கிறது.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. எம்.எல்.ஏ. வந்தால் ஒரு தடவை, டிவிக்காரர் வந்தால் ஒரு தடவை, "நீயே சொல்லும்மா" என்று பிள்ளையை முன்னால் நிறுத்துவது. சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கே பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கூப்பிடக் கூடாது என்று போக்சோ பிரிவு 33 சொல்கிறது. நாம் யார் கூப்பிட?

காப்பகம் கேட்பதற்கு எந்தப் பிள்ளையின் கதையும் தேவையில்லை. பள்ளி விட்டுப் பிள்ளை வருகிற நேரம், கொழுந்து எடை போட்டுவிட்டு அம்மா வீடு சேருகிற நேரம், இடையில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, வீட்டு அடையாளம் இல்லாமல் மொத்தக் கணக்காக எழுதுங்கள். 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமே அன்றைக்கே சொல்லியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அந்தச் சாயங்கால இடைவெளிக்குத்தான் ஒரு ஏற்பாடும் இல்லை.

தண்டனையை மட்டும் கேட்பது

போக்சோவின் 2019 திருத்தத்தில் மரண தண்டனையே வந்துவிட்டது. சாயங்காலம் வீட்டில் ஆள் இல்லாத பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

கேரளமா, தமிழ்நாடா என்று அலைக்கழிவது

சம்பவம் எந்த மாநிலத்தில் நடந்திருந்தாலும் புகாரை எந்த போலீஸ் ஸ்டேஷனிலும் பதியலாம். 2024 ஜூலை 1 முதல் அது சட்டத்திலேயே இருக்கிறது.

நோட்டீஸை மலையாளத்தில் மட்டும் அடிப்பது

ஆபீசுக்கு மலையாளம், லயத்துக்குத் தமிழ்.

எடுத்தவுடன் ஹாஸ்டல், ஹோம் என்பது

பிள்ளையை விடுதியில் சேர்ப்பது கடைசி வழி என்றுதான் சிறார் நீதிச் சட்டமும் சொல்கிறது. வீட்டிலேயே வைத்து வளர்க்க, குழந்தைப் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. ஆனால் கிராமப்புறத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் 6,000. ஒழுங்காகக் கொழுந்துக்குப் போகும் ஒரு பெண்ணின் கூலியே அதைத் தாண்டிவிடும். இந்த வரம்பை உயர்த்தச் சொல்லித்தான் நாம் சத்தம் போட வேண்டும்.

மிஷன் வாத்சல்யா மத்திய அரசுத் திட்டம், அந்த வரம்பைப் பஞ்சாயத்தில் கேட்டுப் பயனில்லை. மாலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் ஒரு அறையும் வேண்டும் என்பதைக் கிராம சபையில் கேளுங்கள். கூட்டம் வேலை நாளில் வைத்தால் தாய்மார்களுக்கு அன்றைய கூலி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லி வார்டு மெம்பரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.