முதலில் துணி, அப்புறம்தான் சோபா

மிட்-செஞ்சுரி மாடர்ன் என்கிற, 1950-களை ஒட்டிய பாணியில் அறை அமைக்க நினைப்பவர்கள் நேரே நாற்காலிக்குப் போய்விடுகிறார்கள். நான் துணிக்கு டிசைன் போடுகிறவள், அதனால் என் வீட்டில் துணிக்குத்தான் முதல் மரியாதை. அந்தப் பாணியிலும் துணி ஒப்புக்குச் சப்பாணி இல்லை. 1951-இல் லண்டனில் நடந்த ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன் கண்காட்சியில், துணி டிசைனர் லூசியென் டேயின் ‘கேலிக்ஸ்’ துணியும், அவர் கணவர் ராபின் டே வடிவமைத்த அறைகலன்களும் சேர்ந்தே காட்சிக்கு வந்தன. மெல்லிய கோடுகள், அவற்றின் நுனியில் கிண்ணம் கிண்ணமாகப் பூ. அவ்வளவுதான் அந்த டிசைன்.

அறைக்கு ஒரே ஒரு பெரிய டிசைன் போதும். ஒரு மீட்டர் வாங்கிச் சுவரில் மாட்டி, ஒரு வாரம் பாருங்கள். பகலில் இதமாக இருந்த என் பாசிப்பச்சை, இரவு மஞ்சள் விளக்கில் சேறாகத் தெரிந்தது.

பிடித்துவிட்டதா? சரி, இனி கணக்கு. டிசைன் எத்தனை சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். என் துணியில் 64. ஜன்னல் திரையின் நீளம் 240, மடிப்புத் தையலுக்கு 25, ஆக ஒரு துண்டுக்கு 265. இரண்டு துண்டுக்கு 530 என்று வாங்கி வந்து வெட்டினேன். இணைத்துப் பார்த்தால் இந்தப் பக்கத்துத் தண்டு ஒரு இடத்தில், அதன் பூ அந்தப் பக்கம் ஒன்பது சென்டிமீட்டர் தள்ளி! இரண்டாவது துண்டை டிசைன் மறுபடி தொடங்கும் 320-இல்தான் (ஐந்து 64) வெட்ட ஆரம்பிக்க வேண்டும். அப்படியானால் 320-உம் 265-உம் சேர்த்து 585 தேவை. தொழிலே இதுதான், எனக்கே இந்த கதி.

திரையில் கொசுவம் அதிகம் வைக்காதீர்கள். வழக்கமாக ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி வைப்பார்கள். பெரிய டிசைன் அந்த மடிப்புகளுக்குள் ஒளிந்துகொள்ளும். ஒன்றரை மடங்கு வைத்தால் பூ முழுதாகத் தெரியும்.

சோபாவுக்கு அச்சுத் துணி வேண்டாம். ஒரே நிறத்தில், நூல் தடித்துத் தெரியும் கம்பளி நெசவு எடுங்கள். விரலால் தடவினால் மேடும் பள்ளமும் தட்டுப்பட வேண்டும். கால்கள் கீழே ஒடுங்கிய, தாழ்வான தேக்கு அல்லது வால்நட் சட்டம் அதற்குப் பொருந்தும். அடியில் தரை தெரிந்தால் சின்ன அறையும் அடைசலாக இருக்காது.

வெட்டிக் கெடுத்த அந்த 530-ஐ என்ன செய்தேன் என்கிறீர்களா? பூ நடுவில் வரும்படி பார்த்து வெட்டி, குஷன் உறை தைத்துவிட்டேன்.